நான் விழுங்கிய ‘ஆவன’

என்னை முதன்முதலாக ஒருவர் ‘மாண்புமிகு அமைச்சர் அவர்களே’ என்று அழைத்தபோது நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. அழைத்தவர் தலைமைச் செயலகத்தின் அலுவலக உதவியாளர். காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க வந்திருந்தார். இரண்டு கரண்டி என்றேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, ஐம்பத்தொரு வயதில், அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து காலால் ஓர் உந்து உந்தினேன். அது முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி மேஜைக்கு நேராக வந்து நின்றது. இன்னொரு சுற்றும் சுற்றினேன். காப்பி வந்தபோது எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது.

போன மாதம் எங்கள் ஒன்றியத்தில் புதிதாக ஜெயித்த பெண் கவுன்சிலர்கள் நான்கு பேர் திருத்தணியில் என் வீட்டுக்கு வந்தார்கள். கூட்டத்தில் எழுந்து பேசினால் குரல் நடுங்குகிறது, அதிகாரிகள் பேசுவது பாதி புரியவில்லை, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். நான் நாற்காலி சுற்றிய கதையில் ஆரம்பித்தேன். அதில் ஒருத்தி முகத்தில் சிரிப்பே இல்லாமல், “மேடம், எங்களுக்குப் பிளாஸ்டிக் சேர்தான் போட்டுக்கீறாங்க. அது சுத்தாது” என்றாள். அன்று மாலை வரை பேசிக்கொண்டிருந்தோம். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நான் பிறந்தது திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் நடுவே ஒரு கரும்பு ஊர். வீட்டில் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். நைனா என்னைப் படிக்கவைத்தார், தமிழாசிரியை ஆனேன். பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்கு ஒற்று மிகும் இடம், மிகா இடம் சொல்லிக்கொடுத்தேன். பிறகு வேலையை விட்டுவிட்டுக் கட்சி, மகளிர் அணி, ஒன்றியக் குழு, இரண்டு தோல்வி, ஒரு வெற்றி. ஜெயித்த முதல் தடவையே பள்ளிக் கல்வித் துறையைக் கொடுத்தார்கள். நடுவில் ஓராண்டு சமூக நலமும் கூடுதல் பொறுப்பாக இருந்தது. என் வரலாறு இவ்வளவுதான். தேர்தல் சுவரொட்டியில் இதைவிட நீளமாக இருந்தது.

முறைப்படி அமைச்சர் மேலே, துறைச் செயலாளர் கீழே. எங்கள் அறையில் அது தலைகீழ். என் செயலாளர் பெயர் சக்சேனா. என்னைவிட ஏழு வயது இளையவர். உத்தரப் பிரதேசத்துப் பெண்மணி. தமிழ்நாட்டுக்குப் பணிக்கு வந்து தமிழை இலக்கணப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டவர். அதனால் அவர் பேசுவது அச்சடித்த மாதிரி இருக்கும். பருத்திப் புடவை, ஒரு பென்சில், ஒரு குடுவை வெந்நீர். நான் உட்காரச் சொல்லும்வரை நிற்பார். உட்கார்ந்த பிறகு நான்தான் நிற்பதுபோல் உணர்வேன். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று செயலகத்தில் சொல்வார்கள். ஒன்றை மட்டும் நானாகக் கண்டுபிடித்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடி மூக்கில் இருந்தால் ‘பார்க்கலாம்’ என்று பொருள். அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் ‘முடியாது’.

முதல் வாரமே கண்ணாடி மேஜைக்கு வந்துவிட்டது. ஒரு கோப்பு எப்படி நகரும் என்றால், கீழே பிரிவு உதவியாளர் குறிப்பு எழுதுவார். அது ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொருவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, செயலாளர் வழியாக அமைச்சரிடம் வரும். அமைச்சர் ஏற்கலாம், மறுக்கலாம், விளக்கம் கேட்கலாம். எனக்கு முதலில் வந்த கோப்பு ஏதோ பள்ளிக் கட்டடம் பற்றியது. ராத்திரி வீட்டில் கவனமாகப் படித்துக் காலையில் திருப்பி அனுப்பினேன். சக்சேனா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மா, இந்தக் குறிப்பில் தாங்கள் ஏழு இடங்களில் ஒற்றுப்பிழை திருத்தியிருக்கிறீர்கள். சிவப்பு மையில்.”

“ஆமா, ‘கோப்பினை பார்த்து’ன்னு எழுதியிருக்காங்க. ப் வரணும் இல்லையா?”

“வரவேண்டும். கடைசியில் பத்துக்கு ஆறு என்று மதிப்பெண் வழங்கியிருக்கிறீர்கள். இந்தக் கோப்பைத் தாங்கள் ஏற்றுக்கொண்டீர்களா, மறுத்தீர்களா என்று எனக்கு விளங்கவில்லை. ஆறு தேர்ச்சியா?”

எனக்கு நிஜமாகவே நினைவில்லை. பதினெட்டு வருடத்துக் கை தன்னால் செய்துவிட்டிருக்கிறது. “தேர்ச்சிதான்” என்றேன். “அப்படியானால் கையொப்பம் இடுங்கள்” என்றார். நான்கு நாள் கழித்து அந்தப் பிரிவு உதவியாளர் வேறு ஒரு சாக்கில் என் அறைக்கு வந்து, தயங்கித் தயங்கி, நான்கு மதிப்பெண் எதற்குக் குறைந்தது என்று கேட்டார். உட்காரவைத்து விளக்கினேன். அதன் பிறகு அந்தப் பிரிவிலிருந்து ஒற்றுப்பிழையே வரவில்லை.

சட்டமன்றத்தில் கேள்வி நேரம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பட்டிமன்றம். உள்ளே இருப்பவர்களுக்குப் பரீட்சை. முதல் கேள்வி முன்கூட்டியே வந்துவிடும், விடையை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், வாசித்தால் போதும். அதை ஒட்டி உறுப்பினர்கள் எழுப்பும் துணை வினாதான் ஆளை மடக்கும். அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே அதிகாரிகள் மாடத்தில் செயலாளர் உட்கார்ந்திருப்பார். ஒரு துண்டுச் சீட்டில் விடையை எழுதி அவைக் காவலரிடம் கொடுப்பார். காவலர் நடந்து வந்து என்னிடம் சேர்ப்பார். அந்த நடை முடியும்வரை நான் எழுந்து நின்று, பேரவைத் தலைவரை வணங்கி, ‘மாண்புமிகு உறுப்பினர் நல்லதொரு வினாவை எழுப்பியிருக்கிறார்கள்’ என்று இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். மெதுவாக நடக்கும் காவலர் ஒருவர் இருந்தார். அவர் பணியில் இருக்கும் நாளில், கேட்டவரின் தொகுதியையும் அந்தத் தொகுதியின் கோயிலையும் மாம்பழத்தையும் புகழ்ந்த பிறகுதான் விடைக்கு வருவேன்.

சக்சேனாவின் சீட்டில் நான்கு சொற்களுக்கு மேல் இருக்காது. அதில் பெரும்பாலும் இருக்கும் ஒரு சொல் ‘ஆவன’. முதல் கூட்டத்தொடருக்கு முன்பே எனக்கு அதைப் பாடமாக நடத்திவிட்டார்.

“அம்மா, ‘ஆவன செய்யப்படும்’ என்று சொன்னால் நாம் கதவருகே நிற்கிறோம். ‘செய்யப்படும்’ என்று சொன்னால் உள்ளே போய்விட்டோம். கதவும் சாத்தப்பட்டுவிடும். அவையில் அமைச்சர் சொல்வது உறுதிமொழி. அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.”

இரண்டு வருடம் அந்தச் சொல்லைப் பத்திரமாகப் பயன்படுத்தினேன். மூன்றாம் வருடம் வரவுசெலவுக் கூட்டத்தொடரில் அதை விழுங்கினேன்.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் என் தொகுதியில் ஒரு நெசவு ஊர். பெயரைச் சொல்லவில்லை, அந்த ஊர்க்காரர்கள் படித்தால் ஏதாவது விட்டுப்போயிற்று என்று சண்டைக்கு வருவார்கள். அங்கே பத்தாம் வகுப்பு வரைதான் பள்ளி. பதினொன்றுக்குப் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போகவேண்டும். ஆண் பிள்ளைகள் போனார்கள். பெண்களில் முக்கால்வாசிப் பேர் பத்தோடு நின்று, விசைத்தறிக்கு நூல் சுற்ற உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை சுகுணா. பார்க்கும்போதெல்லாம் மனுக் கொடுப்பார். அந்த ஆண்டு மனுவுக்குப் பதில், பத்தாவது தேர்வெழுதி முடித்த பெண்கள் பதினான்கு பேரை மின்சார ரயிலில் ஏற்றிச் சென்னைக்கே கூட்டிவந்துவிட்டார். சட்டமன்றத்தைச் சுற்றிப் பார்க்கவேண்டுமாம். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்குப் பார்த்து எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், தெற்கத்தி வழக்கறிஞர், குரல் கனமானவர், துணை வினாவுக்கு எழுந்தார். ஊர் ஊருக்குப் பள்ளியைத் தரம் உயர்த்தியதாகப் பெருமை பேசும் அமைச்சர், தன் சொந்தத் தொகுதியில் பெண் பிள்ளைகள் பத்தாவதோடு நிற்கும் ஊரை மறந்துவிட்டாரா என்று கேட்டார். ஊரின் பெயரையும் சொன்னார். நான் எழுந்தேன். சீட்டு வந்துவிட்டது. வேகமாக நடக்கும் காவலர். ‘தரம் உயர்த்த ஆவன செய்யப்படும்.’ படித்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தேன். மாடத்தில் பதினான்கு பெண்கள், ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை, சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கை அசைக்கக் கூடாது, பேசக் கூடாது. அவர்கள் மூச்சுக்கூட விடவில்லை என்று எனக்குத் தோன்றியது.

“தரம் உயர்த்தப்படும்” என்றது என் வாய். “இந்த ஆண்டே.”

எங்கள் பக்கம் மேஜை தட்டினார்கள். அந்த ஓசை காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ பொங்கியது. பொய் சொல்லக் கூடாது. அந்த அரை நிமிடம் நான் தரையில் நிற்கவில்லை. மேலே ஒரு பெண் எழுந்துவிட்டாள். காவலர் உதட்டில் விரலை வைத்து அவளை உட்காரவைத்தார். அப்புறம்தான் அதிகாரிகள் மாடத்தைப் பார்த்தேன். சக்சேனா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

அறைக்கு வந்ததும் சொன்னார்: “நான் நான்கு சொற்கள் எழுதி அனுப்பினேன். அவற்றில் முக்கியமானதை விட்டுவிட்டு, இல்லாத இரண்டைச் சேர்த்துவிட்டீர்கள்.”

“அந்தப் பொண்ணுங்க பாத்துக்கிட்டிருந்தாங்க.”

“நானும் பார்த்துக்கொண்டிருந்தேன் அம்மா.”

அந்த ஊரின் பழைய கோப்பை வரவழைத்தோம். மூன்று வெவ்வேறு ஆண்டுகளில், மூன்று வெவ்வேறு கையெழுத்தில், ஒரே முடிவு: ‘ஏற்பதற்கில்லை.’ காரணம் தூரம். ஏற்கெனவே இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் புதிதாகக் கேட்கும் பள்ளிக்கும் நடுவே இவ்வளவு தொலைவு இருக்கவேண்டும் என்று விதி இருந்தது. இந்த ஊருக்கு முக்கால் கிலோமீட்டர் குறைவாக எழுதியிருந்தார்கள். சக்சேனா வரைபடத்தை விரித்துப் பென்சிலால் ஒரு கோட்டைக் காட்டினார். ஏரிக்கரை மேல் போகும் ஒற்றையடிப் பாதை. அளந்தவர் அந்த வழியாக அளந்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை நானும் அவரும் அங்கே போனோம். கார் ஓட்டியது முனிரத்தினம். எங்கள் ஊர்க்காரர், என்னோடு தொடக்கப் பள்ளியில் படித்தவர். பள்ளி வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். மாடத்தில் எழுந்து நின்றவளும் இருந்தாள்; பெயர் ஹேமாவதி.

“ஏரிக்கரை மேல போனா கிட்டத்தானே?” என்று கேட்டேன்.

“மேப்ல கிட்ட மேடம். மழை பெஞ்சா ஏரி ரொம்பி கலங்கல் மேல தண்ணி வழிஞ்சி ஓடும். அப்ப ரோட்டு வழியாத்தான் சுத்திக்கினு போவணும். வெய்யில் காலத்துல கரை மேல போலாம், ஆனா ஒருத்தியா போவ வுட மாட்டாங்க.”

“ரோட்டு வழி எவ்ளோ தூரம்?”

“கார்ல வந்தா தெரியாது மேடம். சைக்கிள்ல வந்து பாருங்க.”

“ஆங், வர்றேன்” என்றேன்.

 காரில் திரும்பும்போது திருத்தணி மலை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சக்சேனா கேட்டார்: “அம்மா, தங்களுக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது.”

கண்ணாடியைக் கழற்றினார். “இது இரண்டாவது உறுதிமொழி.”

முனிரத்தினம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். “இன்னாம்மா, கரும்பு வண்டியே ஓட்டுனவங்க நீங்க, சைக்கிள் இன்னா பெரிய இதுவா” என்றார். எனக்கு மாட்டு வண்டி ஓட்டத் தெரியும் என்பது உண்மை. அதில் விழாமல் இருப்பது மாட்டின் பொறுப்பு.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, சென்னையில் எனக்குக் கொடுத்திருந்த பங்களாவின் வளாகத்தில் பாடம் ஆரம்பமாயிற்று. கற்றுக்கொடுத்தது சக்சேனா. கல்லூரிக் காலத்தில் மிதிவண்டியிலேயே நகரம் முழுக்கச் சுற்றியவராம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் கேரியரைப் பிடித்தார். முனிரத்தினம் பக்கத்தில் ஓடினார்.

“தாங்கள் கீழே பார்க்கிறீர்கள். எதிரே பாருங்கள்.”

“எதிர்ல சுவரு.”

“சுவருக்கு முன் திரும்புங்கள்.”

வாசலில் காவலுக்கு நின்ற காவலர் ஒருவருக்குத்தான் பெரிய சிக்கல். அமைச்சர் கடந்துபோனால் சல்யூட் அடிக்கவேண்டும். நான் ஒவ்வொரு சுற்றுக்கும் அவரைக் கடந்தேன். அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் காலைத் தட்டி அடித்தார். அந்தச் சத்தத்துக்கு நான் ஒவ்வொரு சுற்றுக்கும் தடுமாறினேன். ஆறாவது சுற்றில், “அப்பா, வேணாம்பா, நான் எறங்கினப்புறம் மொத்தமா அடிச்சிக்கோ” என்று கத்திக்கொண்டே குரோட்டன்ஸ் செடிக்குள் போய்ச் சேர்ந்தேன்.

நான்காம் நாள் காலை, “பிடிச்சிருக்கீங்க இல்ல, பிடிச்சிருக்கீங்க இல்ல” என்று கேட்டுக்கொண்டே இரண்டு சுற்றுப் போனேன். பதில் இல்லை. வளைவில் பக்கவாட்டில் பார்த்தால் சக்சேனா வெகுதூரத்தில், மாமரத்தடியில் நின்று குடுவையிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பதவியேற்ற அன்றுகூட இப்படி இல்லை. காற்று காதுக்குள் போகிறது, புடவை படபடக்கிறது, என்னை யாரும் பிடித்திருக்கவில்லை. இறங்கத் தெரியாததால் மேலும் ஐந்து சுற்றுச் சுற்றினேன்.

அடுத்த வாரம் அளக்கப் போனோம். பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லவில்லை. நில அளவர் ஒருவர் கைப்பிடி வைத்த அளவைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் நான், சக்சேனா, சுகுணா டீச்சர், எட்டுப் பெண்கள், எல்லோரும் சைக்கிளில். கடைசியில் காரை ஊரவிட்டபடி முனிரத்தினம். முதலில் ஏரிக்கரை. கலங்கல் கல்லில் வெள்ளம் நின்ற தடத்தைச் சக்சேனா குனிந்து பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொண்டார். நான் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே நேராக வேலிகாத்தான் புதருக்குள் விழுந்தேன். பெண்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். நானே முதலில் சிரித்தேன். பிறகு அந்தக் கரை முழுக்கச் சிரிப்பு. முழங்கையில் முள்ளோடு பள்ளி வாசலுக்கே திரும்பி, அங்கிருந்து சாலை வழியை அளக்க ஆரம்பித்தோம். சாலை வழி நீளம், வெயில், லாரிகள். பாதி வழியில் எனக்குக் காலே இல்லை. ஹேமாவதி என் பக்கத்திலேயே மிதித்து வந்தாள். “மேடம், இத்த நீங்க ஒரு தபா பண்றீங்க. நாங்க தினம் ரெண்டு தபா பண்ணணும்” என்றாள்.

மேல்நிலைப் பள்ளியின் வாசலில் சக்கரம் நின்றது. அளவர் எண்ணைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

நாற்பது மீட்டர் குறைவு.

 அளவர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். “அம்மா, நாம அந்த இஸ்கூல் முன்கேட்டுலருந்து ஆரம்பிச்சோம். பின்னால சமையக்கட்டுப் பக்கம் ஒரு கேட்டு கீது. அங்கருந்து ஆரம்பிச்சா செரியாப்பூடும்.”

முனிரத்தினம் காரிலிருந்து இறங்கி வந்தார். “அத்தகூட வேணாம்மா. கார் டயர்ல கொஞ்சம் காத்த எறக்கிட்டு ஓட்டுனா மீட்டர்ல தூரம் ஜாஸ்தி காட்டும். யார் கேக்கப்போறாங்க.”

“நீங்க தலையாட்டுனா போதும்மா. நான் எழுதிடறேன்” என்றார் அளவர்.

என் தலை பாதி ஆடிவிட்டது. இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. நாற்பது மீட்டர் என்பது ஒரு திருமண மண்டபத்தின் நீளம். அதற்காகப் பதினான்கு பெண்கள் தறிக்கு முன்னால் உட்காரவேண்டுமா என்றுதான் தோன்றியது. அதோடு என் பதவியும் கண்முன் நின்றது. சக்சேனா பக்கம் திரும்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“அம்மா, தாங்கள் தலையாட்டலாம். நான் எழுதமாட்டேன்.” பென்சிலைப் பையில் போட்டார். “பின்வாசலிலிருந்து அளந்தால் இந்த ஊருக்கு மட்டும் பள்ளி கிடைக்கும். விதியைத் தளர்த்தினால் இதுபோல் ஏரியும் ஓடையும் குறுக்கே கிடக்கும் எல்லா ஊருக்கும் கிடைக்கும். ஆனால் அதற்கு நிதித் துறையும் அமைச்சரவையும் ஒப்பவேண்டும். அதற்கு முன் அவையில் தாங்கள் சொன்னதைத் திருத்தவேண்டும்.”

“தப்புன்னு சொல்லணுமா?”

“தவறு என்றுதான் சொல்லவேண்டும்.”

அன்று மாலையே கட்சியில் மூத்தவர் ஒருவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சென்னைக்காரர். “இன்னாம்மா கஸ்தூரி, அவைல எந்திரிச்சி நான் சொன்னது தப்புன்னு சொல்லப்போறியா? நம்ம ஆளுங்கோ எவனும் சொன்னது கெடயாது. காலைல சொன்னா மத்தியானம் ரூமைக் காலி பண்ணணும். பாத்துக்க” என்றார். ராத்திரி என் கணவரிடம் கேட்டேன். அவர் என் முழங்கையில் மிச்சமிருந்த முள்ளை எடுத்துக்கொண்டே, “ரூமை எப்படியும் ஒருநாள் காலி பண்ணத்தானே போறோம்” என்றார்.

கூட்டத்தொடர் முடிய மூன்று நாள் இருக்கும்போது பேரவைத் தலைவரிடம் முன் அனுமதி வாங்கிக்கொண்டு எழுந்தேன்.  கையில் சக்சேனா தட்டச்சு செய்து தந்த ஒரு பக்கம். படித்தேன். அந்தப் பள்ளியை இந்த ஆண்டே தரம் உயர்த்துவதாக நான் கூறியது தவறு. சாலை வழியாக நேரில் அளந்தோம். விதியில் சொன்ன தூரத்துக்கு நாற்பது மீட்டர் குறைகிறது. இப்போதுள்ள விதிப்படி இயலாது. விதியைத் தளர்த்த அரசை வேண்டியிருக்கிறேன். அவை என்னைப் பொறுத்தருள வேண்டும்.

மேஜையில் ஓர் ஓசை இல்லை.  எதிரே அந்தத் தெற்கத்தி வழக்கறிஞர் மெதுவாக எழுந்தார். போச்சு, ராஜினாமா கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“நேரில் அளந்ததாக அமைச்சர் சொன்னார். எதில் சென்று அளந்தார் என்று அறியலாமா?”

“மிதிவண்டியில்.”

“அமைச்சரேவா?”

“நானேதான். அதற்காகத்தான் கற்றுக்கொண்டேன்.”

“விழவில்லையே?”

“ஒரு முறை விழுந்தேன். என் செயலாளர் விழவில்லை.”

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரித்தது. பேரவைத் தலைவர் மணியடித்தபடியே சிரித்தார். நான் அதிகாரிகள் மாடத்தைப் பார்த்தேன். சக்சேனா முகத்துக்கு முன்னால் ஒரு கோப்பைப் பிடித்திருந்தார். கோப்பு குலுங்கிக்கொண்டிருந்தது.

வழக்கறிஞர் உட்காரவில்லை. “என் தொகுதியிலும் அப்படி ஓர் ஊர் உண்டு. அறுபது மீட்டர். நடுவே வாய்க்கால். விதியைத் தளர்த்துவதை நான் ஆதரிக்கிறேன்” என்றார். உடனே எங்கள் பக்கத்தில் ஒருவர், தன் ஊரில் நூறு மீட்டர் என்றார். இன்னொருவர், தூரம் சரியாக இருக்கிறது, ஆனால் குறுக்கே ரயில் பாதை என்றார். அடுத்தவர் ஆறு என்றார். மலைத் தொகுதி உறுப்பினர் ஒருவர் தன் ஊரில் தூரத்தைக் குறுக்காக அளப்பதா, மேலாக அளப்பதா என்று கேட்டார். கட்சி வேறுபாடு இல்லாமல் ஆளாளுக்கு ஓர் ஊரைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பேரவைத் தலைவருக்கு மணியடித்து மணியடித்துக் கை வலித்துப்போயிற்று. எனக்கு முதல் நாள் நாற்காலியில் சுற்றியதுபோலவே இருந்தது. அன்று யாரும் ரூமைக் காலி பண்ணச் சொல்லவில்லை.

ஆணை ஒரே நாளில் வந்துவிடவில்லை. கோப்பு நிதித் துறைக்குப் போனது, கேள்வியோடு வந்தது, பதிலோடு போனது. ஜூனில் பள்ளி திறந்துவிட்டது. ஆணை இல்லாமல் பதினொன்றாம் வகுப்பு இல்லை. சுகுணா டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சீருடையோடு வரவழைத்து, நூலக அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வருகைப் பதிவேடு கிடையாது. யாராவது ஆய்வுக்கு வந்தால், நூலகத்தில் படிக்க வந்தவர்கள் என்பார். என்னிடம் தொலைபேசியில், “மேடம், நீங்க பாக்காத மாதிரி இருங்க, நான் நடத்தாத மாதிரி இருக்கேன்” என்றார்.

ஆகஸ்டு மாதம் ஒரு மத்தியானம் சக்சேனா ஆணையின் நகலோடு வந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. அந்த நெசவு ஊரோடு வேறு பல மாவட்டங்களின் ஊர்ப் பெயர்களும் அதில் இருந்தன. படித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். “வேண்டாம் அம்மா, அச்சாகிவிட்டது” என்றார்.

அன்று மாலையே ஊருக்குப் போனேன். பதினான்கில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். கல்பனா என்ற பெண்ணை ஜூலையில் அக்காவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் திருவள்ளூர்ப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். நான் ஆள் அனுப்பினேன். நானே ஒருமுறை போய்ப் பேசினேன். அவள் அப்பா மரியாதையாக நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். பெண்ணை அனுப்பவில்லை. ஆணை ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அவள் அந்த அறையில் இருந்திருப்பாள். நிதித் துறையிலிருந்து கேள்வியோடு வந்த கோப்பு என் மேஜையில் ஒன்பது நாள் கிடந்தது. அப்போது நான் தொகுதி விழாக்களில் மாலை வாங்கிக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்வேன். இந்த ஒன்பது நாளை அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை.

அடுத்த தேர்தலில் நான் தோற்றேன். சிறிய தோல்வி இல்லை, நன்றாகவே தோற்றேன். அந்த நெசவு ஊரின் வாக்குச்சாவடிகளிலும் பின்தங்கினேன். சக்சேனா தொலைபேசியில், “வருந்துகிறேன் அம்மா” என்றார். அவர் வேறு துறைக்குப் போய் அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. அதன் பிறகு நான் போட்டியிடவில்லை.

எண்ணிக்கை முடிந்த மறுநாள் காலை வீட்டு வாசலில் காவலர் இல்லை, கார் இல்லை, மனுக்காரர்கள் இல்லை. கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் குளித்துவிட்டு மலைப்படி ஏறினேன். ஐந்து வருடம் காரில் மேலே போய், வேறு வாசல் வழியாக நேராகச் சன்னிதிக்குப் போனவள். அன்று பொது வரிசையில் நின்றேன். கிருத்திகை இல்லாவிட்டாலும் கூட்டம். எனக்குப் பின்னால் ஒரு பெண், மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு மூன்று முறை எட்டி என் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க தோத்துட்டீங்களாமே?”

“ஆங், தோத்துட்டேன்.”

“நானும் உங்களுக்குப் போடல.” ஊரின் பெயரைச் சொன்னாள். அந்த நெசவு ஊர்தான்.

“ஏம்மா?”

“தறிக்குக் கரண்டு செரியா வர்றது இல்ல. ரெண்டு வருசமா சொல்லிக்கினே கீறோம். ஒருத்தரும் வந்து பாக்கல.”

நான் விட்டிருக்கலாம். ஆனால் தோற்ற மறுநாள் ஆளுக்கு அவ்வளவு பெருந்தன்மை இருக்காது. “பள்ளிக்கூடம் வந்துதே?” என்று கேட்டுவிட்டேன்.

“ஆங், வந்துது. எஞ் சின்னப் பொண்ணு அதுலதான் பன்னெண்டாவது முடிச்சா. இப்ப நர்சிங்குக்கு எழுதிப் போட்டுக்கீறோம். இது அவ அக்கா கொழந்த.” குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அந்த வரிசையிலேயே என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். “அதுக்கு உங்கள கும்புடணும். அது வேற. ஓட்டு வேற.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். குழந்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

“இனிமே இன்னா பண்ணப்போறீங்க?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா.”

“செரி, நவுருங்க. வரிசை போய்க்கினே கீது.”

நகர்ந்தேன்.